இழை: குடும்பக் கதை எழுதிய கை துப்பறியும் கதைக்கும் அறிவியல் புனைவுக்கும் போகும்போது எங்கே சறுக்குகிறது?

#1 கைப்பிரதி

இதுவரை வெளிவந்தவை மூன்று சிறுகதைத் தொகுப்புகள், இரண்டு நாவல்கள். எல்லாமே குடும்பம், வேலை, சொத்துத் தகராறு, முதுமை என்ற வட்டத்துக்குள் நிற்பவை. இப்போது வேறு வகைகளில் மூன்று பிரதிகள் தயார்.

முதலாவது துப்பறியும் குறுநாவல். 12 அத்தியாயம், 22,000 சொல். ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளர் ஒருவர் காலை 6 மணிக்குக் கட்டிலில் இறந்து கிடக்கிறார். சந்தேகம் ஐந்து பேர் மேல்: மகன், மருமகள், தம்பி, வேலைக்கு வரும் அம்மா, மாடியில் குடியிருப்பவர். கொலையாளி மாடி வீட்டுக்காரர். பழைய கணக்கில் அவர் போட்ட கள்ளக் கையெழுத்து 11-ஆம் அத்தியாயத்தில் அகப்படுகிறது. நாற்காலியில் கொன்று, கட்டிலில் கிடத்தியிருக்கிறார்.

இரண்டாவது அறிவியல் சிறுகதை, 6,000 சொல். செவ்வாயில் பிறந்த 16 வயதுப் பெண்ணும் பூமியில் இருக்கும் பாட்டியும். மூன்றாவது 3,000 சொல்லில் ஒரு பேய்க்கதை.

துப்பறியும் பிரதியை முன்கூட்டிப் படித்தவர்களிடமிருந்து இரண்டு புகார்கள், ஒன்றுக்கொன்று எதிரானவை. "நாலாவது அத்தியாயத்திலேயே தெரிஞ்சுபோச்சு" என்கிறது ஒன்று. "வாசகனை ஏமாத்திட்டீங்க" என்கிறது இன்னொன்று. எதை நம்பித் திருத்துவது? எதை முதலில் வெளியிடுவது? அதே பெயரிலா, புனைபெயரிலா?

#2 நள்ளிரவு_நூலகம்

ரெண்டு புகாரும் ஒரே சமயத்துல உண்மையா இருக்க முடியும் சார். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க, மிச்சத்தை அப்புறம் பேசலாம். கதை யார் யார் மனசுக்குள்ள போகுது?

#3 கைப்பிரதி

மகன், மருமகள், தம்பி, வேலைக்கு வரும் அம்மா. அத்தியாயத்துக்கு ஒருவர் என்று மாறி மாறி வரும். மாடி வீட்டுக்காரரின் மனதுக்குள் போகவில்லை. போனால் உண்மை வெளியே வந்துவிடுமே.

#4 நள்ளிரவு_நூலகம்

அங்கதான் மாட்டிக்கிட்டார். ஐந்து பேர்ல நாலு பேர் மண்டையைத் திறந்து காட்டிட்டு ஒண்ணை மட்டும் மூடி வச்சா, துப்பறியும் கதை படிச்சுப் பழகினவன் சாட்சியமே பார்க்க மாட்டான். மூடின கதவைக் கையைக் காட்டிட்டுப் போயிடுவான்.

இது புதுப் பிரச்சினை இல்லை. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். முதல் விதியே இதுதான்: குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்திருக்கணும், ஆனா வாசகன் யாருடைய எண்ணங்களைப் பின்தொடர்ந்தானோ அந்த ஆளா இருக்கக் கூடாது. நீங்க விதியைச் சரியாத்தான் பின்பற்றியிருக்கீங்க. ஆனா நாலு பேருக்கு எண்ணம் கொடுத்துட்டதால, அந்த விதியே அஞ்சாவது ஆளைக் காட்டிக் கொடுக்குது.

வழி மூணு இருக்கு. ஒண்ணு, முழுக் கதையையும் ஒரே ஆள் பார்வையில கொண்டு போறது. மருமகள் பொருத்தம், அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவள், ஆனா எல்லா அறைக்கும் போக முடியும். ரெண்டாவது, மகனையும் தம்பியையும் மூடிடறது. அப்ப மூடின கதவு மூணாயிடும். மூணாவது, எல்லாரையும் வெளியிலிருந்தே சொல்றது: பேச்சும் செய்கையும் மட்டும், எண்ணம் கிடையாது. இது கடினம். உங்க நாவல்களோட பலமே மனவோட்டம்ங்கிறதால உங்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

"ஏமாத்திட்டீங்க" புகாருக்கு வர்றேன். கள்ளக் கையெழுத்து 11-ல்தான் வருது. அதுக்கு முன்னாடி அந்தக் கணக்குப் புத்தகம் வாசகன் கண்ணுல பட்டதா?

#5 கைப்பிரதி

இல்லை. 11-ல் பீரோவைத் திறக்கும்போதுதான் முதல் தடவை.

#6 மெய்ப்புப்பிழை

அப்படியானால் இரண்டாவது புகார் முழுக்க நியாயம். கொலையாளி யார் என்பதை அமைப்பு சொல்லிவிட்டது, ஏன் என்பதைக் கதை சொல்லவே இல்லை. ஊகிக்க முடிந்தது, நிரூபிக்க முடியவில்லை. விகிதம் தலைகீழாக இருக்க வேண்டும்.

குடும்பக் கதை எழுதுபவர்கள் இந்த வகைக்கு வரும்போது பிணம், காவல் ஆய்வாளர், கைரேகை என்று பொருள்களைக் கொண்டு வந்து வைத்துவிட்டு வகை மாறிவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் மாற வேண்டியது தகவல் வெளியாகும் வரிசை. யதார்த்தக் கதையில் ஒரு தகவல் அதை உணரும் பாத்திரத்துக்கு வலிக்கும் நேரத்தில் வந்தால் போதும். துப்பறியும் கதையில் அதே தகவல் பயன்படும் நேரத்துக்கு வெகு முன்னாலேயே, வேறு ஏதோ ஒன்றாக வேஷம் போட்டு, வாசகர் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும்.

அதனால் திருத்தத்தை வாக்கியத்தில் தொடங்காதீர்கள். முதலில் ஒரு தனித் தாள் எடுத்து, நடந்ததை நடந்தபடி, கொலையாளியின் பக்கத்திலிருந்து மணிக்கணக்காக எழுதுங்கள். கள்ளக் கையெழுத்து போட்ட நாளிலிருந்து காலை 6 மணி வரை. இரண்டு மூன்று பக்கம் வரும்; இது பிரதியில் சேராது. பிறகு அதை மூன்று பத்தி அட்டவணையாக்குங்கள்: உண்மையில் நடந்தது, கதையில் யார் கண்ணில் எப்படிப் பட்டது, அந்த இடத்தில் வாசகர் என்ன நினைப்பார். இரண்டாவது பத்தி காலியாக உள்ள வரிகள்தான் ஏமாற்று. மூன்றாவது பத்தியில் "சந்தேகப்படுவார்" என்று அடுத்தடுத்து விழுந்தால் அங்கே கதை காட்டிக்கொடுக்கிறது.

கணக்குப் புத்தகம் 3-ஆம் அத்தியாயத்துக்குள் வந்தாக வேண்டும். மறைப்பதற்கு நம்பகமான வழிகள் சில. ஒரு பட்டியலின் நடுவில் வைப்பது: மேசையில் மூக்குக் கண்ணாடி, மருந்துச் சீட்டு, பழைய கணக்குப் புத்தகம், பாதி எரிந்த மெழுகுவத்தி என்று வந்தால் கண் கடைசிப் பொருளில்தான் நிற்கும். அல்லது தடயம் வந்த அடுத்த வரியிலேயே ஒரு சண்டையோ அழுகையோ வரட்டும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது தடயத்தை இரண்டாக உடைப்பது. இறந்தவர் தன் கையெழுத்தில் கடைசி எழுத்தைச் சுழித்து முடிப்பார் என்பது 2-இல், பேத்தியைக் கொஞ்சும் ஒரு காட்சியில் வரட்டும். சுழிப்பு இல்லாத கையெழுத்து 5-இல், வாடகை ரசீதில் வரட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது வாசகரின் வேலை. சேர்க்காதவருக்கும் 11-இல் "அட, இருந்ததே" என்று தோன்றும்.

#7 ஒற்றைப்பத்தி

எல்லாம் சரி. ஆனால் அவருடைய நடைக்கு ஒரு நன்மை இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. யதார்த்தக் கதைக்காரர் எல்லாப் பொருளையும் ஒரே நிதானத்தோடு வர்ணிப்பார். துப்பறியும் கதை மட்டுமே எழுதுபவர் ஒரு சாவியை வர்ணித்தால் அந்தச் சாவி பயன்படப் போகிறது என்று தெரிந்துவிடும். வர்ணனையை வெட்டச் சொல்லி அவரைக் கெடுக்காதீர்கள்.

#8 நள்ளிரவு_நூலகம்

பாதி ஒத்துக்கிறேன். வர்ணனை ஒளிஞ்சுக்க இடம் கொடுக்கும். ஆனா 22,000 சொல்லுல ஐந்து சந்தேக ஆள், ஒரு விசாரணை, ஒரு தீர்வு எல்லாம் அடங்கணும். அத்தியாயத்துக்கு சராசரி 1,800 சொல்தான். ஒவ்வொரு அத்தியாயத்துலயும் வாசகனோட சந்தேகம் யார் மேலயாவது இடம் மாறணும். மாறலேன்னா அந்த அத்தியாயம் எவ்வளவு அழகா இருந்தாலும் பக்கத்து அத்தியாயத்தோட சேர்த்துடுங்க.

இன்னொண்ணு. குடும்பக் கதையில ஒரு ஆள் சும்மா இருக்கலாம், மாடியில குடியிருக்கார்னு சொன்னாப் போதும். இங்க சும்மா இருக்கிற ஆள் மேல முதல் கண் விழும். அவருக்குக் கதைக்குள்ள கொலையோட சம்பந்தமில்லாத ஒரு வேலை கொடுங்க. விசாரணைக்கு உதவுறவர், மருமகளுக்கு ஒத்தாசையா அலையறவர், இப்படி. அந்த வேலை நிஜமாவே பயன்படணும். ஒப்புக்கு இருந்தா மறுபடியும் கண்டுபிடிச்சிடுவாங்க.

#9 வெள்ளையங்கி

உடல்கூறு விவரங்களைக் கொஞ்சம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மருத்துவர் என்ன சொல்கிறார், கொலையாளி எப்படிக் கொன்றான், எப்போது.

#10 கைப்பிரதி

கோடைக்காலம். கைக்குட்டையில் குளோரோஃபார்ம், பத்து நொடியில் மயக்கம், பிறகு தலையணை. மருத்துவர் காலை 7 மணிக்கு வந்து "இரவு 10.15-க்கு உயிர் பிரிந்திருக்கிறது" என்கிறார். தடுக்க வந்த தம்பியை மண்டையில் அடித்து ஒரு மணி நேரம் மயங்க வைத்துவிட்டுப் போகிறான்; தம்பி எழுந்து துரத்துகிறார்.

#11 வெள்ளையங்கி

வரிசையாகச் சொல்கிறேன்.

குளோரோஃபார்ம் பத்து நொடியில் யாரையும் சாய்க்காது. தொடர்ந்து பல நிமிடம் சுவாசிக்க வேண்டும். அதுவரை ஆள் திமிறுவார். முகத்தோல் எரிந்த அடையாளமும் இருக்கலாம். அதைத் தூக்கிவிட்டு, அவர் வழக்கமாகச் சாப்பிடும் தூக்க மாத்திரையை வைத்துக்கொள்ளுங்கள். அது ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பொருள், வாசகர் கண்ணிலும் உறுத்தாது.

ஒரு மணி நேரம் நினைவிழந்தவர் எழுந்து ஓட மாட்டார். தலையில் அடிபட்டு சில நிமிடங்களுக்கு மேல் நினைவு திரும்பாவிட்டால் அதுவே மூளைக் காயத்தின் அறிகுறி. எழுந்தாலும் வாந்தி, குழப்பம், நடந்தது ஞாபகம் இல்லாமை. இந்தக் கடைசி விஷயம் உங்களுக்குப் பயன்படும்: தம்பியின் வாக்குமூலத்தில் ஓட்டை விழுந்தால் சந்தேகம் அவர் மேல் போகும்.

மரண நேரம். 10.15 என்று நிமிடக் கணக்கில் எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார், வீச்சாகத்தான் சொல்வார். உடல் குளிர்வதை வைத்துக் கணிப்பது கோடையில் கைகொடுக்காது. அறையின் வெப்பம் உடல் வெப்பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் உடல் இறங்கிக் குளிர இடமே இல்லை. விறைப்பு பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில் தாடை, கழுத்தில் தொடங்கும், 12 மணி நேரத்தை ஒட்டி உடல் முழுக்கப் பரவியிருக்கும். வெப்பத்தில் சீக்கிரம் வரும், சீக்கிரம் விலகும். ஆகவே "இரவு 9 முதல் 1 வரை" என்பது நம்பத்தக்க பதில். இது உங்களுக்கு லாபம். நாலு மணி நேர வீச்சு இருந்தால் ஐந்து பேரில் யாருடைய சாக்கும் முழுசாக நிற்காது.

நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றிய விஷயம்தான் பிரதியின் சிறந்த தடயம், அதை நீங்கள் பயன்படுத்தவே இல்லை. இதயம் நின்றதும் ரத்தம் உடலின் தாழ்ந்த பக்கம் இறங்கித் தோலில் கருஞ்சிவப்பாகத் தெரியும். அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் தொடங்கும், 8 முதல் 12 மணி நேரத்தில் அந்த நிறம் அங்கேயே நிலைத்துவிடும். உட்கார்ந்தபடி இறந்தவருக்குக் கணுக்காலிலும் பாதத்திலும் இறங்கும். மல்லாந்து கிடப்பவருக்கு முதுகில். சில மணி நேரம் உட்கார்ந்த நிலையில் இருந்துவிட்டு, நிலைப்பதற்கு முன் மாற்றினால் இரண்டு இடத்திலும் தெரியலாம். எனவே கொன்ற உடனே கிடத்தாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கிடத்தட்டும். வேலைக்கு வரும் அம்மா காலையில் போர்வையைச் சரிசெய்யும்போது "கால் ரெண்டும் கன்னிப்போய்க் கிடந்துச்சு" என்று சொல்லி அழட்டும். வாசகர் அதை வயசானவரின் கால் வீக்கம் என்று கடந்துபோவார்.

#12 மெய்ப்புப்பிழை

அந்த அழுகை வரி ஒன்றே போதும். 1-ஆம் அத்தியாயத்திலேயே அவருக்குக் கால் வீக்கம் உண்டு என்று சொல்லிவிடாதீர்கள், அது பொய்த்தடயமாகிவிடும். வாசகரே அந்த முடிவுக்குப் போனால் பொறுப்பு வாசகருடையது.

#13 அரைக்கோளம்

செவ்வாய்க் கதையைப் பற்றி யாரும் பேசவில்லை. அதையும் பார்ப்போமே. என்ன நடக்கிறது என்று நாலு வரியில்?

#14 கைப்பிரதி

முதல் இரண்டு பக்கம் குடியேற்றத்தின் வரலாறு. பிறகு பெண் தன் 16-ஆம் செவ்வாய்ப் பிறந்தநாளில் பாட்டியோடு திரையில் பேசுகிறாள். பேச்சின் நடுவே புயல் வந்து குடியிருப்பின் சுவர் சரிகிறது. தொடர்பு அறுந்துபோகிறது. பாட்டி காத்திருக்கிறாள்.

#15 அரைக்கோளம்

ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தேன்.

செவ்வாயின் ஒரு வருடம் பூமிக்கணக்கில் 687 நாள். 16 செவ்வாய் வருடம் என்றால் அவளுக்கு 30 வயது. பதினாறு வயதுப் பெண்தான் வேண்டுமென்றால் செவ்வாய்க்கணக்கில் எட்டரை. இதைத் திருத்திவிட்டு ஓடாதீர்கள். பாட்டி ஒரு கணக்கில் வயது எண்ணுகிறாள், பேத்தி இன்னொரு கணக்கில் எண்ணுகிறாள் என்பது உங்கள் குடும்பக் கதையின் சரக்கு.

திரையில் உரையாடல் நடக்காது. ஒளி செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே ஒருவழி போகவே, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, சுமார் 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் பதில் வர மிகக் குறைந்தது 6 நிமிடம், தூரமான காலத்தில் முக்கால் மணி நேரம். ஆக இருவரும் பதிவு செய்துதான் அனுப்பிக்கொள்வார்கள். வடிவம் கடிதத்துக்குத் திரும்பிவிடுகிறது, அது நீங்கள் நன்றாகக் கையாளும் வடிவம்.

புயல் சுவரைச் சாய்க்காது. அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தாலும் தள்ளுகிற விசை இங்கே ஏறக்குறைய 13 கிலோமீட்டர் காற்றுக்குச் சமம். செவ்வாய்ப் புயலின் ஆபத்து இருட்டு. தூசி வாரக்கணக்கில் சூரியனை மறைக்கும், சூரியத் தகடுகள் மின்சாரம் தராது. 2018-ல் கோள் முழுக்கப் பரவிய தூசிப்புயலில்தான் நாசாவின் ஆப்பர்சூனிட்டி ஊர்தியின் தொடர்பு அறுந்தது, பிறகு திரும்பவே இல்லை.

தொடர்பு அறுவதற்குப் புயலே வேண்டாம். ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் இரண்டு கோள்களுக்கும் நடுவே வந்துவிடும். அந்த நாட்களில் செய்தி சிதையும் என்பதால் சுமார் இரண்டு வாரம் விண்கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதையே நிறுத்தி வைக்கிறார்கள். தேதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். யார்மீதும் குற்றம் சொல்ல முடியாத, நாள்குறித்து வரும் இரண்டு வார மௌனம். அந்த இரண்டு வாரத்துக்குள் பாட்டிக்கு ஏதாவது ஆகட்டும், அல்லது ஒன்றும் ஆகாமல் போகட்டும். எதிர்காலத்தில் வேறு கோணத்தில் இடைமாற்றுச் செயற்கைக்கோள் வைத்துச் சமாளிப்பார்களே என்று யாராவது கேட்பார்கள். "செலவு மிச்சம் என்று வைக்கவில்லை" என்று ஒரு வரி போதும்.

#16 ஒற்றைப்பத்தி

முதல் இரண்டு பக்க வரலாறு?

#17 அரைக்கோளம்

எடுத்துவிட வேண்டியதுதான். டார்கோ சூவின் என்ற விமர்சகர் அறிவியல் புனைவைத் தீர்மானிப்பது 'நோவம்' என்றார். நம் உலகத்தில் இல்லாத அந்த ஒரு புதுமை, அதிலிருந்து தர்க்கமாக விரிவது கதை. 6,000 சொல்லுக்கு ஒரு புதுமை தாங்கும். இங்கே அது தூரம். மற்றதெல்லாம் நமக்குத் தெரிந்த மாதிரியே இருக்கட்டும்.

விளக்கம் கொடுக்காமல் விளங்க வைப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. புதிய பொருளை முதல் தடவை யாராவது சாதாரணமாகப் பயன்படுத்தட்டும், விளக்கம் வேண்டாம். இரண்டாம் தடவை அது எதற்கென்று செய்கையிலேயே தெரியட்டும். மூன்றாம் தடவை அது பழுதாகட்டும், அல்லது யாருக்காவது இழப்பைத் தரட்டும். "உனக்குத்தான் தெரியுமே, நாம் இங்கே வந்து நாற்பது வருஷமாச்சு" என்று ஒரு பாத்திரம் இன்னொன்றுக்குச் சொன்னால் அந்த வரியை அடித்துவிடுங்கள். தெரிந்ததை யாரும் தெரிந்தவரிடம் சொல்வதில்லை.

ஈர்ப்பு பூமியில் உள்ளதில் 38 சதவீதம். பெண் ஒரு குவளையை மேசையில் வைத்தாலும் மாடிப்படி ஏறினாலும் அது தெரிய வேண்டும். மாலையில் சூரியனைச் சுற்றி வானம் நீலமாக இருக்கும், நம் மாலைக்கு நேரெதிர். இரண்டு இடத்தில் வந்தால் போதும், மேலே போனால் பாடப்புத்தக வாடை.

#18 இரவுப்பூச்சி

பேய்க்கதை பற்றி ஒரு வார்த்தை. 3,000 சொல்லில் பேய் எப்போது வருகிறது, அது யார் என்று விளக்கம் இருக்கிறதா?

#19 கைப்பிரதி

நடுவில் வருகிறது. கடைசி 500 சொல்லில் அது ஏன் அலைகிறது என்ற முன்கதை.

#20 இரவுப்பூச்சி

அந்த 500-ஐ வெட்டினால் கதை உயிர்பிழைக்கலாம். காரணம் தெரிந்த பேய் சோகக் கதைக்குப் போய்விடும். உங்கள் பழைய தொகுப்பில் அது பொருந்தும், திகிலுக்குப் பொருந்தாது. பேய்க்குக் காரணம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும்: எங்கே வரும், எதைத் தாண்டாது, எதற்குத் திரும்பும். அந்த ஒழுங்கை வாசகர் மூன்றாவது பக்கத்துக்குள் உணர வேண்டும். கடைசியில் பேய் அந்த எல்லையை மீறட்டும், அங்கேயே நிறுத்துங்கள். மூன்றில் இதைத்தான் கடைசியாக வைப்பேன்.

#21 பதிப்புரை

வெளியீடு பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

முதலில் எச்சரிக்கை. இங்கே கதைச் சுருக்கம் போடுவதில் பிரச்சினை இல்லை. ஆனால் முழு அத்தியாயத்தைப் பொதுவெளியில் ஏற்றாதீர்கள். பல இதழ்கள் அதை 'ஏற்கெனவே வெளியானது' என்றே கணக்கில் வைக்கும், முதல் வெளியீட்டு உரிமை போய்விடும். கருத்துக் கேட்கத் தனி அஞ்சலில் அனுப்புங்கள்.

சொல் எண்ணிக்கை. அறிவியல் புனைவுக்கான ஹியூகோ, நெபுலா விருதுகளின் பகுப்பில் 7,500 சொல்லுக்குள் சிறுகதை, 17,500 வரை நெடுங்கதை, 40,000 வரை குறுநாவல், அதற்கு மேல் நாவல். ஆங்கில இதழ்களின் வரம்புகளும் பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும். ஆனால் அது ஆங்கிலச் சொற்கணக்கு. தமிழில் வேற்றுமையும் வினைமுற்றும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே விஷயம் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். மொழிபெயர்த்து அனுப்பும் எண்ணம் இருந்தால் உங்கள் 6,000 சொல் 7,500-ஐத் தாண்டிப் பகுப்பே மாறக்கூடும். மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு எண்ணுங்கள்.

அனுப்பும்போது இரண்டு விதிகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே கதையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்புவது வேறு, ஒரே இதழுக்குப் பல கதைகளை அனுப்புவது வேறு. ஒன்றை அனுமதிக்கும் இதழ் மற்றதை மறுக்கலாம். ஒப்பந்தம் வந்தால் மூன்று இடத்தில் நிதானியுங்கள்: எத்தனை மாதம் வேறெங்கும் வெளியிடக் கூடாது, ஒலிவடிவமும் மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கேட்கிறார்களா, இதழ் வெளிவராமல் போனால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும். மூன்றாவது பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

குறுநாவலை நீங்களே அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றுவதாக இருந்தால், அதன் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. உங்கள் சொந்த வலைப்பதிவும் அதில் அடக்கம், மாதிரிக்கு 10 சதவீதம் வரை போடலாம். 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் அந்தக் குறியை முன்பே எடுத்துவிடுங்கள். அச்சுப் பதிப்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

#22 மெய்ப்புப்பிழை

புனைபெயர் பற்றியும் சொல்லிவிடுங்கள்.

#23 பதிப்புரை

சொல்கிறேன் அக்கா. மூடிய பெயர், திறந்த பெயர் என இரண்டு வழி.

அகதா கிறிஸ்டி துப்பறியாத ஆறு நாவல்களை 1930 முதல் 1956 வரை மேரி வெஸ்ட்மகாட் என்ற பெயரில் வெளியிட்டார். 1949-ல் வெளியே தெரியும்வரை ரகசியம் நின்றது. புதிய எழுத்தைப் பழைய எதிர்பார்ப்பு இல்லாமல் படிப்பார்கள் என்பது இதில் லாபம். பழைய வாசகர் ஒருவர்கூடக் கூட வரமாட்டார் என்பது நட்டம். இயன் பேங்க்ஸ் என்ற ஸ்காட்லாந்து நாவலாசிரியர் எதிர்வழியில் போனார். 1987 முதல் அறிவியல் நாவல்களுக்குப் பெயரின் நடுவில் ஓர் 'எம்' எழுத்தை மட்டும் சேர்த்துக்கொண்டார். ஒரே ஆள் என்பதும் தெரியும், கையில் இருப்பது எந்த வகை என்பதும் அட்டையிலேயே தெரியும்.

ஐந்து நூல் வந்துவிட்ட நிலையில் உங்களுக்கு இரண்டாவது வழியே போதும். குடும்பக் கதை வாசகர் துப்பறியும் கதை வாங்க மறுப்பதில்லை. குடும்பக் கதை என்று நினைத்து வாங்கிவிட்டுப் பிணத்தைப் பார்த்தால்தான் கோபப்படுகிறார். இணையக் கடையில் வகையைச் சரியாகக் குறியுங்கள். அட்டையும் பின்னட்டை வாசகமும் முதல் பார்வையிலேயே வகையைச் சொல்லட்டும்.

வரிசை என்றால் செவ்வாய்ச் சிறுகதையை முதலில் இதழுக்கு அனுப்புங்கள். 6,000 சொல் திருத்த எளிது, மறுத்தாலும் நட்டம் குறைவு.

#24 நள்ளிரவு_நூலகம்

இதுல எனக்கு உடன்பாடு இல்லை. செவ்வாய்க் கதையில வடிவமே மாறணும், உரையாடல் போய்க் கடிதம் வரணும். அது மறுபடி எழுதுற வேலை. குறுநாவல்ல எலும்புக்கூடு இருக்கு, தகவல் வரிசையை மட்டும் மாத்தணும். எது முடியறதுக்குப் பக்கத்துல இருக்கோ அதுதான் முதல்ல.

அடுத்த சோதனை வாசிப்புக்கு ஒரு முறை சொல்றேன். கடைசி ரெண்டு அத்தியாயத்தைக் கொடுக்காதீங்க. ஒவ்வொரு அத்தியாயம் முடிஞ்சதும் ஒரே வரி எழுதித் தரச் சொல்லுங்க: இப்ப யார் மேல சந்தேகம், எதனால. "எதனால"ங்கிறதுதான் முக்கியம். "ஆள் ஒரு மாதிரி இருக்கார்"னு எழுதினா அமைப்பு காட்டிக்கொடுக்குது. "ரசீதுல கையெழுத்து வேற மாதிரி இருக்கு"ன்னு எழுதினா அவர் துப்பறிஞ்சிட்டார், அவருக்கு ஜெயிக்க உரிமை உண்டு. அஞ்சு பேர்ல ஒருத்தர் இப்படிக் கண்டுபிடிச்சா அது ஆரோக்கியம். படிக்கிறவங்கள்ல பாதிப் பேராவது இந்த வகையை விடாம படிக்கிறவங்களா இருக்கணும்.

#25 கைப்பிரதி

மருமகளின் ஒற்றைப் பார்வை, இரண்டாக உடைத்த கையெழுத்துத் தடயம், கால் நிறம், 9 முதல் 1 வரை என்ற வீச்சு, எல்லாம் அட்டவணையில் ஏறிவிட்டன. ஒன்று இடிக்கிறது. 6-ஆம் அத்தியாயத்தில் மாடி வீட்டுக்காரர், "நடுராத்திரி பிறை வெளிச்சத்துல தம்பி சுவர் ஏறிக் குதிச்சதைப் பார்த்தேன்" என்று சாட்சி சொல்கிறார். அன்று அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். இந்தச் சாட்சியை விசாரணையில் எதை வைத்து உடைப்பது?

#26 அரைக்கோளம்

அவரே உடைத்துக்கொண்டுவிட்டார். மூன்றாம் பிறை நள்ளிரவில் வானத்தில் இருக்காது. சூரியன் மறையும்போதே மேற்கில் தாழ்வாக நிற்கும், இரண்டு இரண்டரை மணி நேரத்தில் மறைந்துவிடும். கோடையில் ஏழு மணிக்கு இருட்டினாலும் ஒன்பதரைக்கு மேல் பிறை இல்லை.

#27 மெய்ப்புப்பிழை

அப்படியானால் அந்த வரியைத் தொடவே வேண்டாம். மருமகளும் ஆய்வாளரும் அதை நம்பட்டும், சந்தேகம் தம்பி மேல் இரண்டு அத்தியாயம் நிற்கட்டும். வாசகருக்கு நாள் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் பாக்கி.

#28 நள்ளிரவு_நூலகம்

2-ஆம் அத்தியாயத்துல பேத்தி காட்சி இருக்கே. கொலைக்கு மூணு நாள் முன்னாடி நடக்கிறதா வச்சுக்கங்க. கரண்ட் போயிருக்கு. "அமாவாசை இருட்டுல படி தெரியல"ன்னு வேலைக்கு வர்ற அம்மா அலுத்துக்கட்டும். உடனே குழந்தை எதையாவது கொட்டிடட்டும். ஆனா கையெழுத்துச் சுழிப்பும் அதே காட்சியில இருக்கு. ரெண்டு தடயம் ஒரே காட்சியில வேண்டாம், சுழிப்பை 3-க்குத் தள்ளிடுங்க.